எட்டாம் வகுப்புக்குப் பின்?

நியூயார்க் மாநகரின் வடபுறத்தே பிராங்ஸ் என்றொரு பகுதி உண்டு. அதன் தென்பாகம், செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலேயே மிக வறிய இடங்களுள் ஒன்றென நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. போர்ட்டோ ரிக்கோவினின்றும் டொமினிக்கன் குடியரசினின்றும் பிழைப்புத் தேடி வந்தவர்களும், கறுப்பின மக்களும் அங்கு மிகுதி. அவ்விடத்தினின்று வடகிழக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சென்றால், நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்னும் சிற்றூரை அடையலாம். 1781-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமி என்னும் உறைவிடப் பள்ளி அங்கே இருக்கிறது. செங்கற் கட்டிடங்கள், பரந்த புல்வெளிகள், கல்லூரிகளும் பொறாமைப்படத்தக்க நூலகம். அங்குத் தங்கிப் படிக்க ஆண்டொன்றுக்கு 60,000 டாலருக்கு மேல் ஆகும்.

தெற்கு பிராங்ஸின் குறுகிய வீடொன்றில் வளரும் பதின்மூன்று வயதுச் சிறுமி, இத்தகைய பள்ளியொன்றின் வாயிலில் பெட்டியுடன் நிற்க முடியுமா? முடியும் என்று காட்டிய பள்ளிகள், சென்ற முப்பது ஆண்டுகளில் அந்நாட்டில் தோன்றியுள்ளன. அவற்றின் வளர்ச்சி வியப்புக்குரியது. ஆயினும் அவை அனுப்பிய பிள்ளைகள் பின்னர் என்னவானார்கள் என்னும் கேள்விதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பிள்ளையை விடுதிக்கு அனுப்பிய பெற்றோர் இத்திங்களிதழின் வாசகர்களுள் மிகப் பலர் அன்றோ?

சாசனம் பெற்ற பள்ளிகள்

இப்பள்ளிகளைச் சார்ட்டர் பள்ளிகள் என்பர். சார்ட்டர் என்றால் சாசனம். அரசின் பணத்தில், கட்டணம் ஏதுமின்றி நடப்பவை அவை. ஆனால் அவற்றை நடத்துவது அரசு அன்று, ஆசிரியர் குழுவோ அறநிறுவனமோ ஆகும். இத்தனை ஆண்டுகளுக்கு இன்னின்ன பயன் தருவோம் என்று உடன்படிக்கை எழுதிக் கொடுத்து, அதற்கு ஈடாக நிர்வாகத்தில் மிகுந்த சுதந்திரம் பெறுகின்றன. சொன்னபடி நடவாவிடில் சாசனம் பறிபோகும், பள்ளி மூடப்படும். இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் முறையில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். நம் நாட்டின் அரசு உதவி பெறும் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இவ்வேற்பாடு அவ்வளவு புதுமையாகத் தோன்றாது. எனினும் அங்கே சாசனப் பள்ளிகளில் சமயம் கற்பிக்கலாகாது.

1991-இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கான முதற் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி திறக்கப்பெற்றது. 2021-22 கல்வியாண்டில் நாடெங்கும் ஏறத்தாழ 7,800 பள்ளிகள், 37 லட்சம் மாணவர்கள் என்னும் அளவுக்கு அது பெருகியிருந்தது.

இவ்வளர்ச்சியின் மறுபக்கம் ஒன்றையும் நாம் மறைக்கலாகாது. அமெரிக்கப் பெருநகரங்களின் ஏழைச் சேரிகளில் ஒரு காலத்தில் பிள்ளைகளை அரவணைத்தவை நம் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகள். 1960-களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்றனர். கன்னியர் தொகை குறைந்தது, சம்பளத்துக்கு ஆசிரியரை அமர்த்த வேண்டியதாயிற்று, கட்டணம் உயர்ந்தது, ஏழைகள் விலகினர். இன்று அங்குப் பயில்வோர் 17 லட்சத்தை ஒட்டியே உள்ளனர். 2008-இல் வாஷிங்டன் நகரில் ஏழு கத்தோலிக்கப் பள்ளிகள், நடத்தப் பணமின்றிச் சார்ட்டர் பள்ளிகளாகவே மாற்றப்பட்டன. சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபங்கள் இறக்கப்பட்டன. பிள்ளைகள் பெரும்பாலும் அதே பிள்ளைகள். இது நமக்கு வருத்தமே. ஆனால் பள்ளி முற்றிலும் மூடப்பட்டுப் பிள்ளைகள் தெருவில் நிற்பதைக் காட்டிலும் மேல் என்றே நாம் கருதுகிறோம்.

ஹூஸ்டனில் ஒரு வகுப்பறை

சார்ட்டர் பள்ளிகளுள் பெரும்புகழ் பெற்றது 'கிப்' எனப்படுவது. 'அறிவே ஆற்றல்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. டேவ் லெவின், மைக் ஃபைன்பர்க் என்னும் இரு இளைஞர்கள், கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு 1992-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தார்கள். முதலாண்டு இருவருக்கும் தோல்வியே. வகுப்பை அடக்கவும் தெரியவில்லை. பாடத்தைப் புகட்டவும் தெரியவில்லை. லெவின் பணியாற்றிய பள்ளியில் ஹேரியட் பால் என்னும் கறுப்பினப் பெண் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் வாய்பாட்டையும் இலக்கணத்தையும் தாளமிட்டுப் பாடவைத்துக் கற்பிப்பார். அவர் வகுப்பில் ஒரு பிள்ளையும் சும்மா இருந்ததில்லை. இளைஞர்கள் இருவரும் அந்த அம்மையாரின் வகுப்பில் அமர்ந்து தொழில் கற்றனர். பள்ளியின் பெயரும் அவருடைய பாட்டொன்றிலிருந்து எடுக்கப்பட்டதே. புகழ் முழுவதும் இளைஞர்களைச் சேர்ந்தது. 2011-இல் மறைந்த அம்மூதாட்டியின் பெயரை அறிந்தவர் சிலரே. ஆசிரியப் பணியின் இயல்பு அதுதான் போலும்.

1994-இல் ஏறத்தாழ ஐம்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு 'கிப்' தொடங்கியது. அடுத்த ஆண்டு ஃபைன்பர்க் ஹூஸ்டனிலேயே தங்க, லெவின் தம் சொந்த நகரமாகிய நியூயார்க் சென்று தெற்கு பிராங்ஸில் இரண்டாம் பள்ளியைத் திறந்தார். காலை ஏழரைக்குத் தொடங்கினால் மாலை ஐந்து மணி வரை வகுப்பு. சனிக்கிழமைகளிலும் உண்டு, கோடை விடுமுறையிலும் சில வாரங்கள் உண்டு. ஆசிரியர் மாணவரின் வீடு தேடிச் சென்று, ஆசிரியர், பெற்றோர், பிள்ளை மூவரும் உறுதிமொழித் தாளில் கையெழுத்திடுவர். வீட்டுப் பாடத்தில் ஐயம் எழுந்தால் இரவிலும் ஆசிரியருக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். பிராங்ஸ் பள்ளியில் பிள்ளைகளெல்லாம் இசைக்குழுவில் ஏதேனும் ஒரு கருவி வாசித்தாக வேண்டும்.

நேராக நிமிர்ந்து உட்கார், பேசுபவரை நோக்கு, கேட்பதைக் குறித்துக்கொள்—இவ்வாறு ஒவ்வோர் அசைவுக்கும் விதி இருந்தது. குருமடத்தில் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கிய நமக்கு இதன் வலிமையும் தெரியும். இதன் குறையும் தெரியும்.

பலன் விரைவில் தெரிந்தது. 1999-இல் எட்டாம் வகுப்பை முடித்த பிராங்ஸின் முதல் அணி, அப்பகுதிப் பள்ளிகள் அனைத்திலும் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது. மாநகர் முழுவதிலும் ஐந்தாவதாக நின்றது. நாளிதழ்கள் எழுதின, தொலைக்காட்சி வந்தது. 2000-இல் 'கேப்' என்னும் துணிக்கடை நிறுவனத்தைத் தோற்றுவித்த ஃபிஷர் தம்பதியர் பெருந்தொகை அளித்து, இப்பள்ளியை நாடெங்கும் பரப்ப ஓர் அறக்கட்டளை அமைய வழிசெய்தனர். இரண்டாய் இருந்த பள்ளிகள், 2023-24 கல்வியாண்டில் 270-ஐத் தாண்டியிருந்தன. மாணவர் தொகை ஒரு லட்சத்துக்கு மேல்.

பெட்டியும் பயணமும்

இனி நம் பொருளுக்கு வருவோம். தொடக்கத்தில் 'கிப்' ஐந்து முதல் எட்டு வரையிலான வகுப்புகளை மட்டுமே கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புக்குப் பின்? தெருக்கோடியிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளிக்கே அனுப்பினால், நான்கு ஆண்டு உழைப்பும் கரைந்துவிடுமோ என்று ஆசிரியர்கள் அஞ்சினார்கள். எனவே நல்ல மாணவர்களுக்குத் தனியார் பள்ளிகளிலும், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளிலும், நாட்டின் வடகிழக்கிலுள்ள புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகளிலும் இடம் தேடினார்கள். உதவித்தொகையும் கேட்டு வாங்கினார்கள்.

அப்பாதை முற்றிலும் புதியதன்று. 1963 முதல் 'எ பெட்டர் சான்ஸ்' என்னும் அமைப்பு கறுப்பினப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பி வந்தது. 1978-இல் பிராங்ஸ் பள்ளி ஆசிரியர் ஒருவர் தொடங்கிய 'பிரெப் ஃபார் பிரெப்' என்னும் அமைப்பும் அதே பணியைச் செய்தது. உறைவிடப் பள்ளிகளும் தம் கதவைச் சிறிது அகலத் திறந்தன. ஆண்டு வருமானம் 75,000 டாலரோ அதற்குக் குறைவாகவோ உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை என்று எக்ஸிட்டர் 2007-இல் அறிவித்தது.

ஆயினும் கதவு வரை செல்வதே பெரும்பாடு. ஏழாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். நுழைவுத் தேர்வு, நேர்முகம், கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைகள் எல்லாம் ஜனவரிக்குள் முடிய வேண்டும். பெற்றோர் தம் வரவு செலவுக் கணக்கைப் பக்கம் பக்கமாய் நிரப்ப வேண்டும். ஆங்கிலம் சரளமாய் வாராத தாய் அதை எங்ஙனம் நிரப்புவாள்? பள்ளியில் இதற்கென்றே ஓர் அலுவலர் இருந்து அவளருகில் அமர்ந்து எழுதினால்தான் உண்டு. மார்ச்சு 10-ஆம் நாளையொட்டி முடிவுகள் வரும். இடம் கிடைத்த வீட்டில் மகிழ்ச்சிக்கு அளவிராது. அன்றிரவு அத்தாய் உறங்கியிருப்பாளா என்பது வேறு.

செப்டம்பரில் பெட்டியுடன் பிள்ளை புறப்படுகிறது. எக்ஸிட்டரில் பாடம் நடக்கும் முறையைக் கேளுங்கள். எட்வர்ட் ஹார்க்னெஸ் என்னும் செல்வர் 1930-இல் வழங்கிய நன்கொடையால் ஏற்பட்ட முறை அது. வகுப்பறையில் கரும்பலகையை நோக்கிய இருக்கை வரிசைகள் இல்லை. முட்டை வடிவில் ஒரு பெரிய மேசை. அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். ஆசிரியரும் அவர்களுள் ஒருவராய் அமர்ந்திருப்பார். யாரும் யாரையும் பேசு என்று சொல்ல மாட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கலாம், ஆசிரியரையும் மறுக்கலாம். வேறு பல உறைவிடப் பள்ளிகளும் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

கேட்டபோது மட்டும் விடை சொல்லவும், எல்லாரோடும் சேர்ந்து ஒரே குரலில் பாடவும் பழகிய பிள்ளையை அந்த மேசையருகில் உட்கார வைத்துப் பாருங்கள்! விடை தெரியும்; வாய் திறவாது. எந்த ஒழுங்கு அப்பிள்ளையை அவ்வாயில் வரை கொண்டுவந்து சேர்த்ததோ, அதே ஒழுங்கு உள்ளே வந்தபின் உதவவில்லை.

மேசையில் மட்டுமா இத்துன்பம்? நவம்பரில் நன்றி நவிலும் திருநாள் விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிடுவார்கள். வீடு திரும்பப் பயணச் செலவு வேண்டும். அறைத்தோழி பனிச்சறுக்கு விளையாடப் போவதைப் பற்றிப் பேசுவாள். பெற்றோர் நாளன்று மற்றவர்களின் தந்தையர் மோட்டார் காரில் வந்து இறங்குவர். நம் சிறுமியின் தாய்க்கு அன்று வேலைக்கு விடுப்புக் கிடைக்காது. விடுமுறையில் ஊர் திரும்பினாலோ, பழைய தோழிகள் அவள் பேச்சு மாறிவிட்டது என்று நகைப்பார்கள். கல்வி உதவித்தொகைத் திட்டம் எதிலும் இவற்றுக்கெனக் கட்டம் போட்டிருப்பதில்லை.

எட்டுப் பேர்

1999-இல் பிராங்ஸ் பள்ளியை முடித்த அணியில் இருந்தவர் 38 பேர். ஏறக்குறைய அனைவரும் உயர்நிலைப் படிப்பை முடித்தனர். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் கல்லூரியில் சேர்ந்தனர். எல்லாம் திட்டமிட்டபடியே! ஆனால் உயர்நிலைப் படிப்பு முடிந்து ஆறாண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, நான்காண்டுக் கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தவர் எட்டே பேர். நூற்றுக்கு இருபத்தொன்று.

2011-இல் 'கிப்' அமைப்பு தன் தொடக்ககால மாணவர் அனைவரையும் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்டது. எட்டாம் வகுப்பை முடித்துப் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆனவர்களில் பட்டம் பெற்றோர் நூற்றுக்கு 33. நாட்டின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்மரே அக்காலத்தில் பட்டம் பெற்றனர் என்பதை நோக்கின், இது நான்கு மடங்கு. போற்றத்தக்கதே. ஆனால் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் பட்டம் பெற வேண்டுமென்று அவர்கள் அவ்வறிக்கையிலேயே தமக்கு இலக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்கும் கிடைத்ததற்கும் எவ்வளவு தொலைவு! தம் குறையைத் தாமே எண்ணி அச்சிட்டு வெளியிட்ட நேர்மைக்காக நாம் அவர்களை மதிக்கிறோம். எத்தனை பேர் தேறினார்கள் என்று விளம்பரம் செய்யும் பள்ளிகள் எங்கும் உண்டு. பத்தாண்டு கழித்து அப்பிள்ளைகளைத் தேடிப் போகும் பள்ளிகள் அரிது.

இங்கு நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய கிராமப் பங்கிலிருந்து மதிநுட்பம் வாய்ந்த சிறுவன் ஒருவனுக்கு நகரத்து விடுதியொன்றில் இடம் வாங்கிக் கொடுத்தோம். "சாமி, இனி அவன் உங்க பிள்ளை" என்று அவன் தாய் கைகூப்பினாள். இரண்டே மாதத்தில் பையன் ஓடி வந்துவிட்டான். நமக்கு வந்த சினத்தில், கிடைத்த இடத்தைக் கெடுத்துக்கொண்டாயே என்று அவனைக் கடிந்தோம். அங்கே என்ன நடந்தது என்று நாம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவ்விரண்டு மாதத்தில் ஒரு முறையேனும் நாம் அவனைப் போய்ப் பார்த்ததுமில்லை. பிராங்ஸின் அந்த எட்டுப் பேர் கணக்கைப் படித்தபோது, மற்ற முப்பது பேரைவிட இவன் முகமே நம் கண்முன் நின்றது.

பின்தொடர்ந்து செல்லல்

லெவின் தம் முதல் அணியைக் கூர்ந்து நோக்கினார். பட்டம் பெற்றவர்கள் மதிப்பெண்ணில் முதலிடம் வகித்தவர்கள் அல்லர் என்பது அவருக்கு வியப்பைத் தந்தது. ஒரு தேர்வில் தவறினால் பேராசிரியரிடம் சென்று உதவி கேட்கத் துணிந்தவர்கள், வீழ்ந்தால் எழத் தெரிந்தவர்கள், பிறரோடு எளிதில் பழகியவர்கள் ஆகியோரே நிலைத்து நின்றிருந்தார்கள். ஆதலின் விடாமுயற்சி, தன்னடக்கம், நன்றியுணர்வு முதலியவற்றுக்கும் மதிப்பீட்டு அட்டை வழங்கும் முறையை, உளவியலறிஞர்கள் மார்ட்டின் செலிக்மன், ஆஞ்சலா டக்வொர்த் ஆகியோரின் துணையோடு நியூயார்க் பள்ளிகளில் புகுத்தினார். நற்பண்புக்கு மதிப்பெண் இடுவது பற்றி நமக்கு ஐயம் உண்டு. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக நன்றி சொல்லக் கற்றுக்கொள்வார்கள்!

இதனினும் பயனுள்ளதாக நமக்குத் தோன்றுவது, வெளியேறிய மாணவரை விடாது தொடரும் ஏற்பாடு. பழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர். உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் நேரில் சென்று பார்ப்பார். பணம் கட்டும் படிவம் முதல் மனச்சோர்வு வரை கேட்டறிவார். அன்றியும் 2004 முதல் 'கிப்' தன் சொந்த உயர்நிலைப் பள்ளிகளையும், தொடக்கப் பள்ளிகளையும் திறக்கலாயிற்று. நான்கு ஆண்டு வளர்த்து ஊரார் கையில் ஒப்படைப்பதற்கு மாறாக, ஐந்து வயது முதல் பதினெட்டு வரை தன்னோடு வைத்துக்கொள்ளும் முறை இது. 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 'கிப்' நடுநிலைப் பள்ளியில் மட்டும் படித்தோருக்குப் பட்டம் பெறுவதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்றது. நடுநிலை, உயர்நிலை இரண்டிலும் அங்கேயே படித்தோரிடமோ, பட்டம் பெற்றோர் விகிதம் 19 புள்ளிகள் அளவுக்கு உயர்ந்திருந்தது.

தன் பழைய முழக்கத்தையும் அவ்வமைப்பு கைவிட்டது. கடினமாய் உழை, நல்ல பிள்ளையாய் நடந்துகொள் என்பது அதன் பொருள். அம்மொழி பிள்ளைகளைப் பணிந்து போகப் பழக்குகிறது என்று 2020-இல் அதைச் சுவர்களினின்று அகற்றினார்கள். முட்டை வடிவ மேசையருகில் வாய் திறவாது அமர்ந்த பிள்ளைகளை எண்ணினால், அம்முடிவு நமக்கு விளங்குகிறது.

வேறொரு வழியைக் கண்டவர்களும் உண்டு. இந்திய வம்சாவழியினரான ராஜீவ் வின்னகோட்டாவும், எரிக் ஆட்லர் என்னும் நண்பரும் 1998-இல் வாஷிங்டன் நகரில் 'சீட்' என்னும் பள்ளியைத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளையை உறைவிடப் பள்ளிக்கு அனுப்புவதற்குப் பதில், உறைவிடப் பள்ளியையே ஏழைகள் வாழும் பகுதிக்குக் கொண்டுவந்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். சார்ட்டர் பள்ளி, கட்டணமில்லை, தங்குவதும் உண்பதும் அரசின் செலவு. நாற்பது பிள்ளைகளோடு தொடங்கிய அது, பின்னர் மேரிலாந்து, மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இடங்களிலும் கிளைத்தது. செலவோ மிகுதி, சாதாரண அரசுப் பள்ளியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 2014-இல் வெளியான ஆய்வின்படி படிப்பில் முன்னேற்றம் தெளிவாய்த் தெரிந்தது. ஆனால் அது பெரும்பாலும் பெண்பிள்ளைகளால் வந்தது. ஆண்பிள்ளைகள் ஏன் பின்தங்கினர் என்பது இனி அவர்கள் ஆராய வேண்டியது.

அப்பள்ளியின் ஏற்பாடுகளுள் ஒன்று நம் மனத்தை விட்டகலவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். சனிக்கிழமை தாயின் சமையல், தம்பி தங்கையரோடு சண்டை. ஞாயிறு காலை அவரவர் கோவில். ஞாயிறு மாலை மீண்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதே நகரத்துத் தெருக்கள் வழியாகப் பள்ளிக்குத் திரும்புகிறார்கள்.